பூஜ்யம் ஏறிய கதை

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் பூஜ்யம் என்றால் நான்தான். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தால் சின்னச் சின்னக் குப்பிகளில் மஞ்சள் தெளிநீராக உறைந்து கிடப்பேன். ஒவ்வொரு மூடியிலும் ஒரு சுழி போட்டிருக்கும். ரத்தத்தில் சிக்குன்குனியாவின் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். 'இருக்கிறது' என்று கருவி சொல்வதற்கு முன்னால், இல்லாத ரத்தம் எப்படி இருக்கும் என்று அதற்குக் காட்ட வேண்டும் அல்லவா? அந்த இல்லாத ரத்தம் என்னுடையது.

எதிர்ப்பொருள் என்பது, காய்ச்சல் வந்துபோகும்போது உடம்பு அந்தக் கிருமிக்காகவே செய்துகொள்ளும் சரக்கு. கிருமி போய்விடும். சரக்கு மட்டும் வருஷக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், தேர்தல் முடிந்தும் அழிக்காத சுவர் விளம்பரம் மாதிரி. என் சுவர் சுத்தம் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சிக்குன்குனியா வந்த வருஷம் செங்கல்பட்டில் எங்கள் தெருவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. பால் பாக்கெட்டின் மூலையைக் கிள்ளக்கூட யார் விரலிலும் வலுவில்லை. என் மனைவி கட்டிலிலிருந்து இறங்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். நான் ஒருத்தன்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். காரணம் கேட்டவர்களுக்கு, கேட்காதவர்களுக்கும், நிலவேம்புக் கஷாயத்தைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். ரசம் வைத்தேன். அதைக் குடித்துத்தான் மனைவி சீக்கிரம் எழுந்தாள். மறுபடி குடிக்க நேர்ந்துவிடக் கூடாது என்று எழுந்ததாக அவள் தரப்பு.

பிற்பாடு, திருப்போரூர் பக்கம் இருக்கும் இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, எல்லா ஆஸ்பத்திரிகளிலும் செய்கிற எலிசா சோதனையில் என் ரத்தத்தையும் போட்டுப் பார்த்தேன். எதிர்மறை. சான்றிதழ் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் என் ஆய்வு மாணவி வந்து சேர்ந்து, "சார், நெகட்டிவ் சாம்பிளுக்கு யாரைக் கேக்கறது?" என்றபோது சட்டைக் கையை மடக்கிவிட்டேன். ஒப்புதல் படிவத்தில் ரத்தம் தருபவரும் நான், பெற்றுக்கொள்ளும் ஆய்வு வழிகாட்டியும் நான். எனக்கு நானே எல்லா விவரங்களையும் விளக்கிச் சொல்லி, எனக்குப் புரிந்ததாக நானே கையெழுத்துப் போட்டேன். முறை தவறக் கூடாது பாருங்கள்.

மாணவி திருப்போரூர்க்காரி. அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். கணவர் டெம்போ ஓட்டுகிறார். மகள் இப்போதுதான் நடக்கிறாள். பேச்சு குறைவு. ஆனால் கண்ணாடி இழையைக் கையில் எடுத்தால் அது அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். நான் எடுத்தால் உடையும். இதுவரை உடைந்த இழைகளை எல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தால் ஒரு நல்ல துடைப்பம் கிடைத்திருக்கும்.

கருவியின் சூட்சுமம் அந்த இழையில்தான் இருக்கிறது. முடி மாதிரிக் கண்ணாடி இழை ஒன்றின் ஒரு முனையில் ஒளியை விட்டால் மறுமுனையில் வந்து சேரும். நேராக இருக்கும்வரை ஒளி உள்ளேயே சமர்த்தாகப் போகும். இழையை 'ப' மாதிரி வளைத்துவிட்டால் வேறு கதை. கோவளம் போகிற பஸ் வளைவில் திரும்பும்போது படிக்கட்டில் தொங்குகிறவன் வெளியே சாய்வான் இல்லையா, அதுபோல ஒளியும் வளைவில் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் கிருமியின் புரதத்தைப் பூசிவைத்து, ரத்தத்தின் தெளிநீரை ஓட விடுவோம். எதிர்ப்பொருள் இருந்தால் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததன் முதுகில் தங்கத் துகளை ஏற்றுவோம். எட்டிப் பார்க்கும் ஒளியைத் தங்கம் தின்றுவிடும். மறுமுனையில் ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எதிர்ப்பொருள். விஷயம் அவ்வளவுதான்.

இதை வீட்டில் விளக்கியபோது மனைவிக்கு ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

"தங்கமா? வூட்டுக்கு ஒரு குண்டுமணி வாங்க துப்பில்ல, அங்க தண்ணில கரைச்சி வுட்டுகினு கீறியா?"

"கண்ணுக்கே தெரியாத தங்கம்மா அது."

"இங்க மட்டும் இன்னா கண்ணுக்குத் தெரியற தங்கமா கீது?"

கருவி வேலை செய்தது. ஆனால் வேலை செய்தால் போதாது. எலிசா பார்க்கத் தவறுகிற சொற்ப எதிர்ப்பொருளையும் எங்கள் இழை பார்க்க வேண்டும். அதுதான் மாணவியின் ஆய்வேட்டுக்கு உயிர். முதலில் ஸ்க்ரூடிரைவர் தண்டில் சுற்றி இழையை வளைத்தோம். வளைவு பெரிது. ஒளி போதுமான அளவு எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவள் வீட்டுக்காரரின் பழைய சைக்கிளிலிருந்து ஒரு ஸ்போக்ஸ் கம்பியைக் கொண்டுவந்தாள். கேஸ் டார்ச் தீயில் இழையைக் காட்டி, அது இளகும் நொடியில் கம்பி மேல் படியவைத்து எடுத்தாள். சின்ன, இறுக்கமான வளைவு. பிறகு தங்கத் துகளின் அளவை மாற்றினாள். கருவியின் கூர்மை மாதத்துக்கு மாதம் ஏறியது. நான் பின்னால் நின்று, "ஆங், அப்படித்தான்" என்று சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

ஏறியது கூர்மை மட்டும் இல்லை. பூஜ்யமும் ஏறியது.

ஒளிக் குறைவைக் கோடாக வரையும் திரையில், படுத்துக் கிடக்க வேண்டிய என் கோடு மெல்லத் தலையைத் தூக்க ஆரம்பித்தது. கருவி மேம்பட மேம்பட, அது இன்னும் கொஞ்சம் எழுந்தது. இது சாதாரணச் சிக்கல் இல்லை. பூஜ்யமே மேலே நின்றால், அதற்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடித்தேன் என்று எப்படிச் சொல்வது? எடை போடுவதற்கு முன்பே தராசு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் கறிக்கடையில்கூட விடமாட்டார்கள். இங்கே ஆய்வுக் குழு உட்காரப்போகிறது, மாமல்லபுரத்தில். ஆடி கழிவதற்குள். அவளுடைய முனைவர் பட்டப் பதிவுக்காலம் முடியப்போகிறது. குழந்தை பிறந்தபோது ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இன்னொன்று கிடையாது. குழு ஒப்புக்கொண்டால் ஆய்வேடு. இல்லாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் அலமாரிக்கு.

வழிகாட்டி என்ற முறையில் நான் களத்தில் இறங்கினேன். அதாவது, குற்றம் சாட்டத் தொடங்கினேன். முதலில் தண்ணீர். "தண்ணி சரியில்லம்மா." மாற்றினாள். கோடு ஏறியது. அடுத்து இழையில் கண்டதும் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பால் பவுடர். அதையும் மாற்றினாள். கோடு ஏறியது. விளக்கைக் குற்றம் சொன்னேன். ஏசியைச் சொன்னேன். உப்பளத்திலிருந்து வரும் காற்றைச் சொல்லி ஜன்னல் இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டவைத்தேன். ஓ.எம்.ஆர். சாலையில் போகும் லாரிகளின் அதிர்வு என்றேன். கருவிக்கு அடியில் அவள் மகளின் பழைய மெத்தையை மடித்துப் போட்டோம். கருவி நன்றாகத் தூங்கியது. கோடு தூங்கவில்லை. கடைசியில் அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய்வரைக்கும் போய்விட்டேன். மறுநாள் பாவம், எண்ணெய் வைக்காமல் பறட்டைத் தலையோடு வந்து நின்றாள்.

எல்லாவற்றையும் "சரி சார்" என்று செய்தாள். ஒன்றே ஒன்று புதிதாக இருந்தது. என் உடம்பின் மேல் அவளுக்குத் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

"சார், மாடி ஏறி வந்தீங்களே, கால் வலிக்குதா?"

"எனக்கா? நல்லாக் கேட்ட போ."

இன்னொரு நாள், "சார், காலைல எந்திரிச்சதும் வெரலு மடக்க வருமா?"

"ஏம்மா, பஞ்ச் வுட்டுக் காட்டணுமா?"

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்த மாணவி இந்தக் காலத்தில் வழிகாட்டியின் விரலைப் பற்றிக் கவலைப்படுகிறாள்? வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு உன்னாண்ட இன்னாவோ சொல்ல வருது. உனுக்குதான் ஒறைக்கல."

அது எனக்கு உறைக்கவில்லைதான்.

உறைத்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. இன்னொன்று வழக்கம்போல் ஏறியது.

"அட! படுத்துடிச்சே! இது யாரு?"

"அது நான் சார். எங்கூட்ல யாருக்கும் அந்தக் காய்ச்சல் வர்ல. நம்ம காலேஜ் நர்ஸம்மாகிட்ட சொல்லி ரத்தம் எடுத்துகினேன்."

"அப்ப ஏறுதே, அது யாரு?"

அவள் திரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "சார், நீங்க சாப்டீங்களா?" என்றாள்.

நான் அன்றைக்குச் சாப்பிட்டிருந்தேன். ஆனால் அவள் சொல்ல வருவது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று எனக்கே உறைத்தது.

"நானா?"

"இல்ல சார்... கருவி அப்டி சொல்லுது."

அதற்குமேல் இன்னொன்றும் செய்திருந்தாள். என் தெளிநீரில் கிருமியின் புரதத்தை முன்கூட்டியே கலந்துவிட்டு, அதன் பிறகு இழையில் விட்டிருக்கிறாள். வாசல் நாய்க்கு முதலிலேயே எலும்பைப் போட்டுவிட்டால், வருகிறவன் காலைக் கடிக்க அதற்கு வாய் காலியாக இருக்காது. உண்மையான எதிர்ப்பொருள் என்றால் அந்தப் புரதத்தையே கவ்விக்கொண்டு இழையை விட்டுவிடும். வெறும் அழுக்கு என்றால் வழக்கம்போல் ஒட்டும். என் கோடு படுத்துவிட்டது. அழுக்கு இல்லை. அசல் சரக்கு.

"எப்பத்திலருந்து தெரியும் உனக்கு?"

"பால் பவுடர் மாத்தச் சொன்னீங்களே, அப்பவே சந்தேகம் சார்."

"அப்ப ஏம்மா சொல்லல? ஜன்னலுக்கு டேப் ஒட்டினோமே! தலைக்கு எண்ணெ வெக்காம வந்தியே!"

"எப்டி சார் சொல்றது? சார் ரத்தம் சரியில்லன்னு?"

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தர் பைக்கைச் சரியில்லை என்று சொல்லலாம், பிள்ளையைச் சரியில்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். ரத்தத்தைச் சொல்ல முடியுமா? அதுவும் கையெழுத்துப் போட வேண்டிய ஆளின் ரத்தத்தை? தண்ணீரை, விளக்கை, லாரியை, தன் தலையையே சந்தேகப்படச் சம்மதித்தவள், என் குப்பியை மட்டும் சாமி படத்தைப் போலத் தொடாமல் விட்டிருக்கிறாள்.

அப்போதாவது நான் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டிருக்கலாம். மாட்டேன் என்றேன். "கருவி என்னைப் பாத்துப் பழகிடிச்சி. அதான் தூக்கிக் காட்டுது" என்று ஒரு விஞ்ஞானி சொல்லக் கூடாத வாக்கியத்தைச் சொன்னேன். யார் ரத்தம் என்று அவளுக்கே தெரியாமல் சோதிக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அதில் மட்டும் நியாயம் இருந்தது.

கல்லூரி மருத்துவ அறையின் நர்ஸம்மாவிடம் போனோம். கோவளத்துக்காரர். குரலில் எப்போதும் கடற்கரை மீன் ஏலம்.

"வா சார், வா. மறுபடியும் குத்தணுமா? உன் நரம்பு எனக்கு மனப்பாடம் சார்."

துறையில் சம்மதித்த இன்னும் சிலரிடமும் எழுதி வாங்கி ரத்தம் எடுத்தார். எண் போட்டால் யாராவது ஊகித்துவிடுவார்கள் என்று குப்பிகளுக்குப் பூப்பெயர் எழுதினார். மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி, அரளி. யார் எந்தப் பூ என்று அவர் ஒருவருக்கே தெரியும். மாணவி மூன்று முறை, வேறு வேறு இழைகளில் ஓட்டினாள். நான் வெளியே நடைபாதையில், பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பன் மாதிரி நின்றேன்.

"சார், அரளி நல்லா மேல போவுது. சாமந்தி கம்மியா ஏறுது. மத்ததெல்லாம் படுத்துகினு கீது."

நர்ஸம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "அரளி உங்க ஆபீஸ் கிளார்க்கு. அவுருக்கு வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும், நொண்டி நொண்டித்தானே லீவு லெட்டர் குடுத்தாரு."

"சாமந்தி?"

"சாமந்தி நீதான் சார். நல்ல பூ சார், சாமிக்கு ஆவும்."

உயிருள்ள கிருமியை வைத்துச் சோதிக்கும் வசதியுள்ள பெரிய கூடம் ஒன்றுக்கும் என் தெளிநீரை அனுப்பினோம். எதிர்ப்பொருள் உண்டு, மிகக் குறைவாக உண்டு என்று பதில் வந்தது. எலிசாவில் மறுபடி போட்டோம். அது பழையபடி, இல்லவே இல்லை என்றது. அப்போதுதான் எனக்கு மெதுவாக விடிந்தது. எலிசா பார்க்கத் தவறுவதை இழை பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடு? பார்த்துவிட்டது. நாங்கள்தான் அதை வாயை மூடு, வாயை மூடு என்று மாதக்கணக்கில் அதட்டிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று செங்கல்பட்டு வரும்வரை ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. சொன்னதும் மனைவி சிரிக்கக்கூட இல்லை. அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எனுக்குக் காய்ச்ச வந்த வாரம் நீ சந்து மொனைலருந்து நொண்டிகினு வந்தியே, ஞாபகம் கீதா?"

"அது ஷட்டில் ஆடினதுல..."

"யாரு கூட ஆடின? தெருவே படுத்துகினு கெடந்துச்சே, யாருய்யா அந்தப் பக்கம் நின்னு உனுக்கு அடிச்சது?"

இந்தக் கேள்வி எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லை. ஆராய்ச்சி செய்கிறவன் நான்.

அன்று இரவு அவள் அக்காவுக்கு, தங்கைக்கு, மதுராந்தகத்தில் இருக்கும் என் சொந்த அண்ணிக்கு எல்லாம் போன் போனது. "கஷாயம்" என்ற சொல்லும் அதைத் தொடர்ந்த சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது. தெரு முழுக்கப் பட்ட பாட்டில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்திருக்கிறது.

ஆய்வுக் குழு மாமல்லபுரத்தில் ஒரு விடுதி அரங்கில் கூடியது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு, பெரியவர்கள் வெளியூரிலிருந்து வந்தால் கடலைக் காட்டிவிட வேண்டும். கடல் தெரிந்தால் மனசு இளகும் என்று ஒரு நம்பிக்கை. வந்திருந்த மூத்த பேராசிரியர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

மாணவி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே தென்னைமர நிழலில் நின்றார். அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். வளைவு, தங்கம், கூர்மை எல்லாம் சரளமாக வந்தன. என் கோடு ஏறும் படம் வந்ததும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதிர்மறைன்னு எடுத்த சாம்பிளே ஏறுதேம்மா. இது கருவியோட கோளாறு. இதை வெச்சிகிட்டு என்ன சொல்ல முடியும்?"

"கோளாறு இல்ல சார். அந்தக் கொடையாளருக்கு... முன்னாடி தொற்று வந்திருக்கு."

"அப்படின்னா அவரை எதிர்மறைன்னு யார் முடிவு பண்ணது? எந்த ஆதாரத்துல?"

அவள் நின்றுவிட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். சொன்னால் வழிகாட்டியை நாலு பேர் முன்னால் கவிழ்த்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் அவள் கவிழ்வாள். என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். "கொடையாளர் நான்தான் சார். முடிவு பண்ணதும் நான்தான். எலிசா இல்லன்னு சொன்னது ஒரு ஆதாரம். நான் தெனமும் நிலவேம்புக் கஷாயம் குடிச்சது இன்னொண்ணு."

முதலில் ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். பிறகு பேராசிரியர். சிரிப்பு அடங்குவதற்குள் மாணவிக்குக் குரல் திரும்பிவிட்டது. பூப்பெயர்க் குப்பிகளைக் காட்டினாள், எலும்பு போட்ட சோதனையைக் காட்டினாள், பெரிய கூடத்தின் முடிவைக் காட்டினாள். எலிசா தவறவிட்ட ஓர் ஆளைத் தன் இழை பிடித்ததை, அந்த ஆளைப் பக்கத்திலேயே நிற்கவைத்துக்கொண்டு நிரூபித்தாள். குறுக்கே வந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருந்தது. ஏனென்றால் தண்ணீர், பால் பவுடர், விளக்கு, லாரி எல்லாவற்றையும்தான் என் புண்ணியத்தில் ஏற்கெனவே சோதித்துவிட்டாளே.

"இவரை மாதிரிக் குறைவா இருக்கறவங்களை இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கோம்மா. ஆய்வேடு எழுத ஆரம்பிக்கலாம்" என்றார் பேராசிரியர். குழு கையெழுத்திட்டது. அதன்பிறகுதான் அவர் நாற்காலியைத் திருப்பிக் கடலைப் பார்த்தார்.

அவள் மடிக்கணினியை என் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கணவரிடம் ஏதோ சொன்னாள், அவர் மகளை மேலே தூக்கிப் பிடித்தார், மூவரும் மணலில் இறங்கிப் போனார்கள். அலையைக் கண்டு அந்தக் குழந்தை அலறியதும் அவள் சிரித்ததும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டன. அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

நான் சாப்பாட்டு வரிசையில் இரண்டாவது கிண்ணம் ஐஸ்கிரீமோடு நிற்கும்போது, புடவைக் கரை எல்லாம் மணலோடு திரும்பி வந்தாள்.

"சார், ஆய்வேட்டுல கொடையாளரைப் பத்தி ஒரு பத்தி எழுதணும். உங்களப் பத்தி இன்னா எழுதறது?"

"ஆண், நடுவயது, நல்ல ஆரோக்கியம். அவ்ளோதாம்மா. வேற இன்னா கீது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"'நல்ல ஆரோக்கியம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்'னு எழுதட்டுமா சார்?"